ஓட்டோ அண்ணை ஏன் திரும்பி வரவில்லை?

கேள்வி: பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுப் பக்கம் ஆறு வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) மூன்றும் செய்வேன். என்னோடு இரண்டு பெடியள் நிற்கிறார்கள். என் வேலையில் இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. போன வருடம் அரை மைல் தள்ளி ஒரு புதுக் கராஜ் திறந்தார்கள். ரைல்ஸ் பதித்த நிலம், கண்ணாடிக் கதவு, இரவில் எரியிற போர்ட். அங்கே நிற்கிற மெக்கானிக்குக் காபரேட்டர் கழுவக்கூட ஒழுங்காகத் தெரியாது. ஆனாலும் என்னுடைய ஆக்கள் அங்கே போகிறார்கள். கிளச் வேலைக்கு ஓட்டோ அண்ணை ஒருவர் வந்தார், வண்டியைக் கழட்டிப் போட்டேன். மூன்று நாள் வந்து வந்து திரும்பினார், இப்போது அங்கேதான் நிற்கிறார். சாமான் யாழ்ப்பாணத்திலிருந்து வரப் பிந்தியது என் பிழையா? பேஸ்புக்கில் 15,000 ரூபாய் கட்டி விளம்பரம் போட்டேன். லைக் வந்தது, வாகனம் வரவில்லை. கடன் வேறு இரண்டு லட்சத்துக்கு மேல் வெளியில் நிற்கிறது. கை முழுக்க ஒயிலோடு நிற்பதால் வேலை நேரத்தில் போன் எடுப்பதில்லை. கூலியைக் குறைக்கட்டுமா, இலவசமாக ஒயில் மாற்றிக் கொடுக்கட்டுமா? ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, கூலியைக் குறைக்க வேண்டாம். இலவச ஒயிலும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்தப் புதுக் கராஜைப் பற்றி வடிவாக விபரித்திருக்கிறீர்கள், கண்ணாடிக் கதவு எனக்கே கண்ணுக்குள் நிற்கிறது. ஓட்டோ அண்ணையை இரண்டு வரியோடு விட்டுவிட்டீர்கள். எனக்கு அந்த இரண்டு வரிதான் உங்கள் கடிதம்.

சாமான் பிந்தியது உங்கள் பிழை இல்லை. சாமான் கையில் வரமுதல் வண்டியைக் கழட்டிப் போட்டது உங்கள் பிழை. கிளச் பிளேட் தேய்ந்த ஓட்டோ ஏத்தத்தில் இழுக்காது, தட்டை ரோட்டில் இன்னும் சில நாள் ஓடும். விசுவமடுவில் ஏத்தத்தை எங்கே போய்த் தேடுவது? திறந்து பார்க்காமலே கிளச்தான் என்று தெரிகிற கேஸ் என்றால், அவரை ஓடவிட்டிருக்கலாம். யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போன் அடித்து, சாமானை பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி, அது உங்கள் கையில் வந்த பிறகு அவரைக் கூப்பிட்டிருக்கலாம். "அண்ணை, நாளைக்குக் காலமை ஏழு மணிக்குக் கொண்டு வாங்கோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் எடுக்கலாம்." அந்த மனிசனுக்கு மூன்று நாள் என்றால் மூன்று நாள் உழைப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவராக இருந்தால், மூன்று நாளும் அந்தத் தாய்மாருக்குப் பதில் சொல்லியிருப்பார். லீசிங் கட்டுகிறவராக இருந்தால் அந்தக் கணக்கு வேறு. அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்துப் போகவில்லை தம்பி.

இதை நான் மேலே நின்று சொல்லவில்லை. வவுனியாவில் கராஜ் நடத்திய காலத்தில் இதே பிழையை நானும் விட்டவன். ஒரு ரீச்சர் ஸ்கூட்டி கொண்டு வந்தார். ஸ்ராட் எடுக்கக் கஷ்டம். "நாளைக்குத் தாறன் ரீச்சர்" என்றேன். அடுத்த நாள் வந்தார், "நாளைக்கு" என்றேன். மூன்றாவது நாளும் அதே சொல். நாலாம் நாள் ஸ்கூட்டி பூப்போலத் திரும்பிப் போனது. காசும் குறையாமல் தந்தார், நன்றியும் சொன்னார். பிறகு வரவேயில்லை. கனகாலம் கழித்து ஒரு கலியாண வீட்டில் சந்தித்தபோது கேட்டுவிட்டேன், வேலையில் ஏதும் பிழையோ என்று. "வேலை திறம்தான். நாலு நாள் செல்லும் எண்டு முதலே சொல்லியிருந்தா நான் தங்கச்சின்ரை சைக்கிளை வாங்கியிருப்பன். நீங்கள் நாளைக்கு நாளைக்கு எண்டதிலை ஒவ்வொரு நாளும் விடிய ஓட்டோ தேடித் திரிஞ்சன்" என்றார். பிந்தினதை அவர் பொறுத்துக்கொண்டார். எத்தனை நாள் என்று தெரியாமல் ஒவ்வொரு காலமையும் அலைந்ததைத்தான் பொறுக்கவில்லை.

வேலை தெரிந்தவனைத் தேடி ஆக்கள் தாங்களாக வருவார்கள் என்ற எண்ணம் எங்கள் தொழிலில் ஊறிப் போனது. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வராது. சூப்பிப் போத்தலால் காபரேட்டருக்கு இரண்டு துளி பெற்றோல் விட்டு இஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் எங்கள் மெக்கானிக்மார். வேலை தெரிந்த கை ஊருக்கு ஒன்று, அந்த வாசலில் எவ்வளவு நேரமும் காத்து நிற்க ஆக்கள் ஆயத்தம். இப்போது அரை மைலுக்கு ஒரு கராஜ். காத்து நிற்க ஒருத்தருக்கும் நேரமில்லை.

சரி, முதல் அலுவல். உங்கள் கடன் கொப்பியை எடுங்கள். இன்னொரு தாளில் புதுக் கராஜுக்குப் போகிற உங்கள் பழைய ஆக்களின் பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பெயர் இரண்டிலும் வருகிறது?

நான் பார்த்த சின்னக் கராஜுகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிற விஷயம். எட்டாயிரம் ரூபாய் கடன் நிற்கிறவர் உங்கள் வாசலால் போகும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார். அவருக்கு உங்களில் கோபம் இல்லை, வெட்கம். அடுத்த முறை ரியூப் வெடித்தால் கையில் இருக்கிற காசைக் கொண்டுபோய் மற்றவனிடம் கொடுப்பார். உங்களிடம் வந்தால் பழைய கணக்கைக் கதைக்க வேண்டி வருமே. இப்படி நீங்கள் கொடுத்த கடனே உங்கள் வாடிக்கையாளரை அடுத்த கராஜுக்கு அனுப்பி வைக்கிறது. கூலியில் 300 ரூபாய் குறைத்தாலும் இவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

இவர்களுக்குப் போன் எடுங்கள். கடன் கேட்க வேண்டாம், அதுவும் ஆக்களுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். "அண்ணை, அந்தக் காசை வெள்ளாமை வெட்டித் தாங்கோ, அவசரமில்லை. மெசினைக் கொண்டு வாங்கோ, இனிச் செய்யிறதை மட்டும் கைக்காசாப் பாப்பம்." பழையதையும் புதியதையும் பிரித்துவிட்டால் அவருக்கு மூச்சு வரும். வன்னியில் கடனே இல்லாமல் கராஜ் நடத்தலாம் என்று எழுதுகிறவருக்கு வன்னி தெரியாது. காலபோக நெல் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வரும்வரைக்கும் கமக்காரன் கையில் காசு நிற்காது. ஆனால் ஒரு கோடு போடலாம். சாமான் காசு உடனே, கூலி மட்டும் அறுவடைக்கு. சாமான் நீங்கள் கடைக்குக் காசு கொடுத்து வாங்கியது. கூலி உங்கள் உடம்பு, அது கொஞ்சம் காத்திருக்கும். எந்த மாதம் தருவார் என்பதை அவர் வாயால் சொல்லவைத்து, அவருக்கு முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள்.

அடுத்தது போன். கையில் ஒயில் என்றால் போனை ஒரு கண்ணாடிப் பொலித்தீன் பையில் போட்டு, ஸ்பானர் தொங்குகிற பலகையில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். பைக்கு மேலால் புறங்கை விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் கதைக்கலாம். பார்க்க வடிவில்லை, வேலை செய்யும். அதுவும் ஏலாது என்றால் இரண்டு பெடியளில் கதை தெரிந்தவரிடம் போனைக் கொடுங்கள். விலை மட்டும் அவர் சொல்லக்கூடாது, "அண்ணை பத்தரைக்குத் தேத்தண்ணி குடிக்கேக்கை எடுப்பார்" என்று சொன்னால் போதும். பத்தரைக்கு நீங்கள் எடுக்கவேண்டும், அவ்வளவுதான். எடுக்காத போன் மணிக்கு விளம்பரம் போட்டு என்ன பயன்? உங்கள் 15,000 ரூபாய் விளம்பரத்தைப் பார்த்து யாராவது அடித்திருந்தாலும் அது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இனி, வண்டி உள்ளே வந்தால் என்ன செய்வது. காபன் தாள் வைத்த பில் புத்தகம் ஒன்று வாங்குங்கள். வண்டி வந்து ஸ்ராண்ட் போட்டதும் இலக்கம், ஆளின் பெயர், போன் நம்பர், மீற்றரில் ஓடிய கிலோமீற்றர், தாங்கியில் பெற்றோல் எவ்வளவு என்று எழுதுங்கள். பெற்றோலை ஏன் எழுதுவது என்று கேட்பீர்கள். 2022 தட்டுப்பாட்டில் கியூ.ஆர். குறியீடு காட்டி லீற்றர் கணக்கில் பெற்றோல் அடித்த ஊர் இது. கராஜில் விட்ட வண்டியில் பெற்றோல் குறைந்தது என்ற சந்தேகம் ஒருமுறை வந்தால், அதை வாயால் கழுவ முடியாது.

பிறகு வண்டியின் வருத்தத்தை, அதாவது என்ன பழுது என்பதை, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "காலமையிலை முதல் கியரிலை டக் எண்டு ஒரு சத்தம்" என்று சொன்னால் அப்படியே. நீங்கள் உடனே "கிளச் அஜஸ்ட்மென்ற்" என்று எழுதினால் அவருடைய வருத்தம் போய் உங்கள் மருந்துதான் மிஞ்சும். முடிந்தால் அவரைப் பின்னால் ஏற்றி ஒரு சுற்றுப் போய் வாருங்கள், சத்தம் எது என்று இருவரும் ஒன்றாகக் கேட்கலாம். அதற்குக் கீழே இரண்டே வரி: எவ்வளவு காசுக்குள், எத்தனை மணிக்கு. ஒரு பிரதியைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். எழுதிக் கொடுத்த தொகையைத் தாண்டப் போகிறீர்கள் என்றால், தாண்டமுதல் போன். தாண்டியபிறகு எடுக்கிற போனுக்குப் பெயர் வேறு.

ஒரு உதாரணம். பிரேக் பிடிக்குதில்லை என்று ஒருவர் பல்சர் மோட்டார் சைக்கிள் கொண்டு வருகிறார். பின்சில்லைக் கழட்டினால் பிரேக் சூ முடிந்திருக்கிறது, அது அவர் சொன்னதுதான். செயின் ஓடுகிற பல்லுச் சில்லை, ஸ்பொக்கற்றைப் பார்க்கிறீர்கள், பல்லெல்லாம் ஒரு பக்கம் சரிந்து சுறாப் பல்லு மாதிரிக் கூராகி நிற்கிறது. உங்களுக்குத் தெரியும், இது இன்னும் கொஞ்சக் காலம்தான், செயினும் முன் பின் ஸ்பொக்கற்றும் செற்றாக மாற்ற வேண்டும். அவரைக் கேட்காமல் மாற்றினால், பின்னேரம் பில்லைப் பார்த்து அவர் முகம் கறுக்கும். சொல்லாமல் விட்டால், அடுத்த மாதம் செயின் அறுந்து நடுரோட்டில் நிற்கும்போது "அங்கைதானே அண்டைக்குக் கழட்டினவங்கள்" என்பார். பல்லைத் துடைத்து, புது ஸ்பொக்கற் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு ஒரு குரல் பதிவு: "பிரேக் இண்டைக்குச் செய்தாக வேணும். இது அடுத்த மாதத்துக்குள்ளை. உங்கடை வசதியைப் பாத்துச் சொல்லுங்கோ." முடிவு அவர் கையில்.

இந்தப் படம் வன்னியில் இன்னொரு வேலையும் செய்யும். உங்களிடம் வருகிற வண்டிகளில் எத்தனைக்குக் காசு ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அம்மா கொண்டு வந்து விடுவா, அண்ணன் காசு போடுவான். அண்ணனுக்கு ஸ்பொக்கற்றும் தெரியாது, உங்களையும் தெரியாது, "திரும்பவும் 12,000 ரூபாயோ?" என்று மட்டும் தெரியும். அந்தப் படம் அம்மாவின் போனிலிருந்து அவனுக்குப் போகட்டும். ஒரு தரம் கண்ணால் கண்டவன் அடுத்த தரம் கேள்வி கேட்காமல் போடுவான், ஊரிலுள்ள சித்தப்பாவின் லாண்ட்மாஸ்டரையும் உங்களிடம் கொண்டுபோகச் சொல்லுவான்.

கழட்டிய பழைய சாமானை ஒரு சொப்பிங் பையில் போட்டு, வண்டியோடு கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் எறியட்டும். பில்லில் போட்ட சாமான் கொம்பனியா, இந்தியனா, சைனாவா என்று எழுதுங்கள். விலையை முதலே மூன்றாகச் சொல்லி அவரைத் தெரிவு செய்ய விடுங்கள். சைனாச் சாமான் போடுவது குற்றமில்லை, கொம்பனி விலை வாங்கிக்கொண்டு போடுவதுதான் களவு. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்திலும் இருக்கிறது. கேட்கமுதலே கொடுக்கிற கராஜ் எங்கள் பக்கத்தில் எத்தனை? பில்லின் அடியில் ஒரு வரி சேருங்கள்: இதே வருத்தம் 30 நாளுக்குள் திரும்ப வந்தால் கூலி இல்லை. வந்தால், முதல் வாய்ச்சொல் "நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று இருக்கக்கூடாது. "கொண்டாங்கோ, பாப்பம்."

ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், உங்கள் கடிதத்தில் அது இல்லவே இல்லை என்பதால். பெண்கள். விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு ரோட்டில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள், ஸ்கூட்டியில் போகிறவர்கள் யார்? ரீச்சர்மார், தாதிமார், பிரதேச செயலகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், தனியே குடும்பத்தைத் தூக்குகிற தாய்மார். அவர்களில் எத்தனைபேர் தாங்களாக உங்கள் கராஜுக்குள் வருகிறார்கள்? தம்பியிடம் அல்லது பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கொடுத்துவிடுவார்கள். உள்ளே நாலு பேர் பெனியனோடு நின்று கதைக்கிறார்கள், இருக்க இடமில்லை, விலை கேட்டால் பதில் கூட வந்த ஆம்பிளையைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. புதுக் கராஜின் ரைல்ஸ் நிலத்தில் உண்மையாகவே ஒரு விஷயம் இருக்கிறது: அங்கே சேலை அழுக்குப்படாது. உங்களுக்கு ரைல்ஸ் வேண்டாம். வேப்பமர நிழலில் துடைத்த இரண்டு பிளாஸ்ரிக் கதிரை, தண்ணீர்ப் போத்தல், உட்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு மலசலகூடம். சும்மா வந்து கதைக்கிற சிநேகிதர்களைப் பின்பக்கம் இருத்துங்கள். வண்டி கொண்டு வந்தவர் அக்கா என்றால், அக்காவைப் பார்த்துக் கதையுங்கள். காற்றுப் பார்ப்பதையும் ஒயில் குச்சி பார்ப்பதையும் சொல்லிக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஒரு பாடசாலையில் ஒரு ரீச்சர் உங்களை நம்பினால், அந்த ஸ்ராஃப் றூமுக்கே தெரியும்.

உங்கள் பேஸ்புக் விளம்பரத்துக்கு வருகிறேன். லைக் போட்டவர்களின் பெயர்களை ஒருக்கால் பாருங்கள், பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். காசு கட்டும்போது எந்த இடத்து ஆக்களுக்குக் காட்டுவது, அவர்கள் என்ன செய்யவேண்டும் என்று தெரிவு செய்யலாம். கராஜைச் சுற்றிய கொஞ்சத் தூரத்தைக் குறித்து, போன் அழைப்போ வட்ஸ்அப் செய்தியோ வரும்படி வைத்திருக்க வேண்டும். இனிப் போட்டால் அப்படிப் போடுங்கள். ஆனால் முதலில் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது: கூகுள் மப்பில் உங்கள் கராஜைச் சரியான இடத்தில் பதிவது. பெயர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், திறக்கிற நேரம், எடுக்கிற நம்பர், வேலை நடக்கிற நாலு படம். உங்கள் ஏ35 வீதியால் (பரந்தன் – முல்லைத்தீவு வீதி) முல்லைத்தீவுக்குப் போகிற வெளியூர் ஆள் சில்லுக் காற்றுப் போனால் போனில்தான் தேடுவார். மச்சானையும் மாமாவையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுவிக்க வேண்டாம், படிக்கிறவர்களுக்கு அது மணக்கும்.

பில் புத்தகத்தில் கிலோமீற்றர் எழுதச் சொன்னேனே, உங்கள் உண்மையான விளம்பரம் அதுதான். நாளுக்கு 80 கிலோமீற்றர் ஓடுகிற ஓட்டோவுக்கு 3,000 கிலோமீற்றரில் ஒயில் மாற்ற வேண்டும் என்றால், 37 நாளில் அந்தக் கணக்கு முடியும். 35ஆம் நாள் அவருக்கு ஒரு செய்தி போகவேண்டும். வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் ஆக்களை ஓட்டோ, ஸ்கூட்டி, லாண்ட்மாஸ்டர் என்று லேபல் போட்டுப் பிரித்து வைக்கலாம். புரோட்காஸ்ற் பட்டியலில் பலருக்கு ஒன்றாக அனுப்பினால், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச்சேரும். ஆகவே பில் எழுதும்போதே "என்ரை நம்பரைப் போட்டு வையுங்கோ" என்று நின்று சேமிக்கச் செய்யுங்கள். "நல்வாழ்த்துக்கள்" படம் அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள். ஆவணியில் கமக்காரருக்கு, உழவு தொடங்கமுதல் லாண்ட்மாஸ்டரின் அச்சுச் சீலால் ஒயில் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லி ஒன்று. கார்த்திகை வெள்ளம் வடிந்ததும் எல்லோருக்கும், தண்ணிக்குள்ளால் ஓடிய வண்டியின் பிரேக்கையும் பெயரிங்கையும் பார்க்கச் சொல்லியும், ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஸ்ராட் பண்ணாமல் எனக்கு அடியுங்கள் என்றும் ஒன்று. சித்திரைப் புழுதி தொடங்கினால் எயார் ஃபில்டர். இதற்கு மேல் வேண்டாம்.

புது மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் உங்களிடம் வராததற்குப் புதுக் கராஜ் காரணமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. புதிதாக வாங்கியவர் வொறன்ரி முடியும்வரை ஏஜென்ரிடம்தான் சேர்விஸ் போடுவார், போடவும் வேண்டும். அவரிடம் "நான் குறைச்சுச் செய்து தாறன்" என்று சொல்லி வொறன்ரியைக் கெடுக்காதீர்கள். வொறன்ரி முடிகிற திகதியைக் கேட்டுக் குறித்து வையுங்கள். ஆனால் அந்த வண்டிகளில் பலதுக்குக் காபரேட்டர் இல்லை, கணினி பார்த்துப் பெற்றோல் விடுகிற இன்ஜெக்‌ஷன். காபரேட்டர் கழுவத் தெரியாதவன் என்று அந்த மெக்கானிக்கைச் சொல்கிறீர்கள், அந்தக் கணினியின் பிழையை வாசிக்கிற ஸ்கானர் அவனுக்குப் பிடிக்கத் தெரிந்திருந்தால்? கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, உங்கள் பெடியளில் ஒருவரை அங்கே வாகனத் தொழில்நுட்பம் படிக்க விடமுடியுமா என்று விசாரியுங்கள். உங்கள் ஆறு வருட அனுபவத்துக்கே சோதித்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தருகிற வழியும் இருக்கிறது. அதைக் கண்ணாடி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

இலவச ஒயிலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இலவசத்துக்கு வந்தவர் அடுத்த இலவசம் எங்கேயோ அங்கே போவார். அதோடு எங்கள் சனம் முதலில் கேட்பது, "சும்மா ஊத்துறதெண்டா என்ன ஒயிலோ?" என்றுதான். கூலிக் குறைப்பும் அப்படியே. குறைத்த கூலியைத் திரும்ப ஏற்றுகிற நாளில் எல்லோரிடமும் ஒவ்வொருவராகப் பேச்சு வாங்குவீர்கள்.

ஓட்டோ அண்ணையின் நம்பர் உங்களிடம் இருக்கும். இன்றைக்குப் பின்னேரம், அவர் ஓட்டம் முடிந்திருக்கிற நேரம் பார்த்து எடுங்கள். "அண்ணை, அண்டைக்கு மூண்டு நாள் உங்களை அலைய விட்டிட்டன். சாமான் வராமல் கழட்டினது என்ரை பிழை. இப்ப கிளச் என்ன மாதிரி?" இதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டாம், கராஜுக்கு வரச் சொல்லவும் வேண்டாம். அவர் ஏதாவது ஏசினால் ஏசி முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள்.